பாலை என்பது எந்த மரம்?

எங்கள் பாடசாலையின் பின்வேலியோடு ஒட்டி ஒரு பாலை மரம் நிற்கிறது. உப்புவெளியில் வீடுகளும் விடுதிகளும் நெருங்கி வந்துவிட்ட இந்நாளில் அம்மரம் எவ்வாறு தப்பிப் பிழைத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பே. பழக்காலம் வந்தால் மாணவர் அதன் அடியில் கூடுவர். மஞ்சள்நிறச் சிறுபழத்தைத் தின்றுவிட்டு, அதன் பால் உதடுகளில் பசைபோல் ஒட்டிக்கொள்ள, வகுப்பில் வாய் திறக்க முடியாமல் அமர்ந்திருப்பர். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் தரத்தில் ஐந்திணைப் பாகுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், பாலைத் திணைக்குப் பேர் குடுத்தது எங்கட வேலியில நிக்கிற இந்த மரமோ?" என்று கேட்டாள். "ஓம், இதுதான்" என்றேன். ஐயமின்றிச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன் அல்லவா?

அவ்விடை அவ்வளவு துணிவோடு சொல்லத்தக்கதன்று என்பதை எனக்கு உணர்த்தியது தமிழ் நூலன்று. நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற தாவரவியல் நூல். நாம் பாலை என்னும் மரத்தை அறிவியலார் மனில்காரா எக்சாண்ட்ரா என்பர். இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கோடரியை மழுக்கும் வைரம் பாய்ந்தது. தமிழ்நாட்டில் இதனை உலக்கைப்பாலை என்று அடைகொடுத்து வழங்குவர். அடையின்றிப் பாலை என்றாலோ, வெட்பாலை என்றாலோ, அவர்கள் பெரிதும் சுட்டுவது ரைட்டியா டிங்க்டோரியா என்னும் வேறொரு மரத்தை. அது அலரியின் குடும்பம். வெண்ணிறப் பூவும், இரண்டிரண்டாகத் தொங்கி நுனியில் கூடிநிற்கும் நெடுங்காயும் உடையது. அதன் இலையிலிருந்து நீலச்சாயம் எடுத்ததுண்டு. ஏழிலைப்பாலையோ மூன்றாவது மரம். கிள்ளினால் பால் வடியும் என்பதொன்றே இம்மூன்றுக்கும் உள்ள உறவு. பாலைக் கண்டு மக்கள் பெயர் வைத்தனர். பெயரைக் கண்டு நான் மரத்தை வைத்தேன்.

அந்நூலின் பெயர் "மத்தியத் தமிழ்நாட்டுச் சுற்றுலாத் தாவரவளம்" என்று தமிழில் பெயர்க்கத்தக்கது. சுற்றுலா என்பது ஈண்டு உல்லாசப் பயணமன்று. ஆசிரியர் மாணவரை அழைத்துக்கொண்டு காட்டுக்கும் வயலுக்கும் போகும் கள நடை. அந்த நடையில் கையில் எடுத்துச் செல்வதற்கென்றே ஒரு தொகுதியாக 1991இல் அது வெளிவந்தது. எழுதியவர் கே. எம். மத்தேயு. 1930இல் கேரளத்தில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக விளங்கி, 2004இல் மறைந்தவர். தாவர வகைப்பாட்டியலே அவர் துறை. தமிழிலக்கியம் கற்ற ஒருவன் அவரைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். என் மாணவியின் வினாவுக்கு விடை அவரது துறையிலேயே இருந்தது என்பதைத் தவிர வேறு நியாயம் என்னிடம் இல்லை.

வகைப்பாட்டியல் என்றதும் நம் மாணவர் முகம் சுளிப்பதை நான் அறிவேன். இலத்தீன் பெயர்களை உருப்போட்டுத் தேர்வுத்தாளில் கக்கும் வேலை என்றே அது அவர்களுக்குப் படுகிறது. போதாக்குறைக்கு, இலங்கைப் பாடநூல்கள் பேரினத்துக்குச் சாதி என்று பெயரிட்டுள்ளன. அச்சொல்லைச் செடிகளுக்கே விட்டுக்கொடுத்து மனிதரிடமிருந்து அறவே பறித்துவிட முடியுமாயின் நான் அதனை வரவேற்பேன்! அது நிற்க. இத்துறை உண்மையில் செய்வது யாது? உலகின் எந்த மூலையில் இருப்பவரும் ஒரு செடியைப் பற்றிப் பேசும்போது, அதே செடியைப் பற்றித்தான் பேசுகிறார் என்பதை உறுதிசெய்கிறது. கருங்காலி என்றால் நம் திருகோணமலைக் காட்டில் டயோசுபைரசு எபெனம். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவரிடம் காசுக்கட்டி தரும் வேல இனமரம். முதிரை நமக்குக் காட்டுமரம். பழைய உரைகளிலோ துவரை முதலிய பருப்பு வகை. மருந்தில் இம்மயக்கம் நேர்ந்தால் நோயாளியின் கதி என்ன? மரம் வெட்டும் அனுமதிச் சீட்டில் நேர்ந்தால் காட்டின் கதி என்ன?

ஆனால் பெயரிடும் உரிமை யாரிடம் இருந்தது என்ற வினாவை எழுப்பாமல் இத்துறையின் வரலாற்றைப் பேச இயலாது. 1672 முதல் 1679 வரை ஒல்லாந்தக் கும்பனியின் மருத்துவராக இலங்கையில் பணிபுரிந்த போல் ஹெர்மன் என்பவர் இங்கே செடிகளைச் சேகரித்தார். அவ்வுலர்தாள்களைக் கொண்டே சுவீடனில் இருந்த லின்னேயசு 1747இல் "புளோரா சைலானிக்கா" என்ற நூலை எழுதினார். இத்தீவின் மண்ணை அவர் ஒருநாளும் மிதித்தவரல்லர். இன்றும் தாவரப் பெயரீட்டுக்குத் தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுவது அவர் 1753இல் வெளியிட்ட நூலே. கும்பனிக்குக் கறுவா தேவைப்பட்டது. கப்பலுக்கு மரம் தேவைப்பட்டது. அத்தேவைகளின் நிழலிலேயே இவ்வறிவியல் நம் கரையில் இறங்கியது.

நம் துறைமுகத்தின் பெயரையே தாங்கிய மரம் ஒன்றுண்டு. சாவண்டலை என்று நம்மவரும், ஹல்மில்ல என்று சிங்களரும் அழைப்பது. திருகோணமலை மரம் என்ற பெயரில் அது வணிகத்தில் வழங்கியது. சென்னையில் துறைமுகம் கட்டப்படாத காலத்தில், அலை மோதும் கரைக்கும் நங்கூரமிட்ட கப்பலுக்கும் இடையே சரக்கும் மனிதரும் ஏற்றிச்சென்ற மசூலாப் படகுகளுக்கு அம்மரம் பயன்பட்டது. ரொக்சுபரோ என்ற கும்பனித் தாவரவியலார் அதற்குப் பெரியா அம்மோனில்லா என்று பெயரிட்டார். பெரியா என்பது சென்னையில் இருந்த அந்திரூ பெரி என்ற மருத்துவரின் நினைவுக்கு. அம்மோனில்லா என்பது ஹல்மில்ல என்ற மக்கள் சொல்லின் சிதைவு. இந்த ஒரு பெயரே அக்காலத்தைக் காட்டப் போதும்: பேரினத்தில் கும்பனி மருத்துவர் அமர்ந்துகொண்டார், மரத்தை அறிந்த காட்டுமக்களின் சொல் உருக்குலைந்து அவருக்குப் பின்னால் வால்போல் ஒட்டிக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருகோணமலையில் அரசாங்கக் குருவாக இருந்த கிளெனி என்பவர் இப்பகுதிச் செடிகளைச் சேகரித்துப் பேராதனைக்கு அனுப்பினார். அங்கே பூங்காவின் தலைவராக இருந்த துவைத்சு அவற்றைத் தம் நூலில் சேர்த்தார். அந்நூல் 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வந்தது. பின்வந்த திரைமன் 1893இல் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைநூலை முடிக்குமுன்பே 1896இல் இறந்தார். எஞ்சிய பகுதியை இங்கிலாந்தில் கூக்கர் முடித்து வைத்தார். இவர்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. திரைமன் தம் நூலில் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் சேர்த்தே தந்தார் என்பதை நன்றியோடு நினைக்கவேண்டும். பேராதனையில் 38 ஆண்டுகள் செடிகளை வரைந்த அர்மானிசு த அல்விசு போன்ற ஓரிருவரின் பெயர் எஞ்சியிருக்கிறது. மரத்தில் ஏறிக் கிளை முறித்துக் கொடுத்தவன், காட்டுவழி காட்டியவன், ஊர்ப்பெயர் சொன்ன கிழவி ஆகியோரின் பெயர் பெரும்பாலான தாள்களில் இல்லை.

தமிழ்நாட்டின் கதையும் இதுவே. தரங்கம்பாடிக்கு வந்த ரொட்லர் பாதிரியார் செடிகளையும் திரட்டினார். தமிழ்ச் சொற்களையும் திரட்டினார். அவர் தொகுத்த தமிழ் அகராதி நமக்குக் கிடைத்தது. செடிகளோ இலண்டன் சென்று, பின்னர் அந்நகரை அடுத்த கியூ பூங்காவைச் சேர்ந்தன. சென்னை மாகாணம் முழுமைக்குமான தாவரநூலை எழுதிய காம்பிள், ஓய்வுபெற்ற காட்டிலாகா அதிகாரி. இங்கிலாந்தில் இருந்துகொண்டு, பெரும்பாலும் உலர்தாள்களைப் பார்த்தே எழுதினார். 1915இல் தொடங்கிய நூல் அவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1936இல் ஃபிஷர் என்பவரால் நிறைவெய்தியது. அது மாபெரும் நூல் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதில் ஒரு படமும் இல்லை. ஒரு செடி எங்கே வளர்கிறது என்று தேடினால் "கர்நாடகப் பகுதி" என்றோ "எல்லா மாவட்டங்களிலும்" என்றோ பொதுப்பட இருக்கும். கிராமத்து மாணவன் அதைக் கொண்டு தன் வயல்வரப்பில் நிற்கும் பூண்டை இனங்காண்பது எளிதன்று.

இவ்வேலை அதிகாரியின் மேசையிலிருந்து ஆசிரியரின் கைக்கு மாறியது எப்போது? இதற்கு ஒரு நாளைக் குறிக்க முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904 முதல் கற்பித்த ஃபைசன் என்ற ஆங்கிலேயர், இந்தியச் செடிகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு 1912இல் ஒரு பாடநூல் எழுதினார். ஐரோப்பியச் செடிகளைப் படத்தில் மட்டும் பார்த்துத் தேறிய மாணவருக்கு அது பெரிய மாறுதல். பின்னர் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரநூலையும் அவர் ஆக்கினார். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் ரங்காச்சாரி 1916இல் ஒரு தொடக்கத் தாவரவியல் நூலையும், 1921இல் தென்னிந்தியப் புல்வகைகள் பற்றிய கைநூலையும் எழுதினார். புல்லைப் பற்றி எழுதுவதென்றால் மாட்டைப் பற்றியும் உழவனைப் பற்றியும் சிந்திக்கவேண்டும் அல்லவா? ஆர்க்கிடுப் பூவைத் தேடி மலையேறிய கனவான்கள் புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. ரங்காச்சாரி இதற்கு முன்பு சென்னை அருங்காட்சியகத்தில் தேர்சுடனுக்கு உதவியாளராக இருந்து, தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றிய ஏழு தொகுதி நூலில் உழைத்தவர். மனிதரைச் சாதிவாரியாக அட்டவணைப்படுத்தும் அக்காலனித்துவ வேலையிலிருந்து புல்லைப் பாகுபடுத்தும் வேலைக்கு அவர் வந்தது அவருக்கும் நல்லதே, நமக்கும் நல்லதே.

திருச்சியில் இத்தொடர்ச்சியைக் காத்தவர் ராபினாட் என்ற பிரெஞ்சுக் குரு. 1892இல் பிறந்து 1959இல் மறைந்தவர். தூய வளனார் கல்லூரி ஆசிரியராக அவர் திரட்டிய செடிகளின் நினைவாக, அவர் பெயரிலேயே 1967இல் அக்கல்லூரியில் ஓர் உலர்தாவரகத்தை மத்தேயு நிறுவினார். உலர்தாவரகம் என்பது பதப்படுத்திய செடிகளை நூல்நிலையம்போல் அடுக்கிவைக்கும் இடம். அதன் வேலையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்; ஏனெனில் மத்தேயுவின் வாழ்க்கை பெரும்பாலும் அவ்வேலையிலேயே கழிந்தது.

பூவோ காயோ உள்ள கிளையொன்றை வெட்டியெடுத்து, செய்தித்தாள் மடிப்புக்குள் இலை ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத் தெரியும்படி விரித்து, பலகைகளுக்கிடையே வைத்து வாரால் இறுக்குவர். தாளில் ஈரம் ஊறும். அதை நாள்தோறும் மாற்றவேண்டும். மழைக்காலமாயின் இரண்டு முறை. மாற்றத் தவறினால் செடி கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். உலர்ந்தபின் பூச்சி அரிக்காதபடி மருந்திட்டு, தடித்த தாளில் தைத்தோ ஒட்டியோ, கீழ்வலது மூலையில் குறிப்புச்சீட்டு ஒட்டுவர். சேகரித்தவர் பெயர், எண், நாள், இடம், உயரம், மண்ணின் இயல்பு, பூவின் நிறம், ஊர்ப்பெயர். பூவின் நிறம் ஏன்? உலர்ந்தால் நிறம் போய்விடும். சீட்டில் எழுதாதவன் அதனை என்றைக்குமாக இழந்தவன். ஒரே மரத்தைப் பூக்கும்போது ஒருமுறையும் காய்க்கும்போது ஒருமுறையும் சென்று காணவேண்டியிருக்கும். இவ்வளவும் செய்தபின் கிடைப்பது ஒரு தாள். தாவரநூல் என்பது அத்தகைய ஆயிரமாயிரம் தாள்களின் மேல் நிற்பது.

மத்தேயுவின் தொடக்ககால ஆய்வு பழனிமலையைச் சார்ந்தது. கோடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் 1895இல் ஏற்பட்ட இயேசு சபைக் கல்லூரியில், ஆங்லாட் என்ற குரு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மலைச்செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து குவித்திருந்தார். அம்மலையில் மத்தேயு முதலில் கவனித்தவை எவை என்பது எனக்குச் சிந்தனைக்குரியதாகப் படுகிறது. 1969இல் அவர் வெளியிட்ட நூல் கோடைக்கானலிலும் பழனிமலையிலும் குடியேறிய அயற்செடிகளைப் பற்றியது. வெள்ளையர் தம் ஓய்வூரை அமைத்தபோது கூடவே கொண்டுவந்த மரங்கள், பூச்செடிகள், வேலித்தாவரங்கள். பின்னர் தொழிற்சாலைத் தேவைக்காகப் புல்வெளியை அழித்து நட்ட யூக்கலிப்டசும் சீகை இனமரங்களும். மண்ணின் செடியைத் தேடிச் சென்ற ஆய்வாளர் வந்தேறிச் செடிகளுக்கு ஒரு கணக்கு எழுதவேண்டியிருந்தது. காலனித்துவத்தின் வரலாற்றை ஆவணக்காப்பகத்தில் மட்டுமன்றி மலைச்சரிவிலும் படிக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 12 ஆண்டுக்கொருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி 1970இல் பூத்ததையொட்டி அவர் அதைப் பற்றியும் எழுதினார். குறிஞ்சித்திணையை நாம் ஏட்டில் கற்பிக்கிறோம். அப்புதர் நின்ற நிலத்தில் என்ன நட்டிருக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது மலையன்று, சமவெளி. இதனைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெப்பநாட்டுத் தாவரவியலில் புகழ் எப்போதும் மழைக்காட்டின் பக்கமே சாய்ந்து வந்துள்ளது. வறண்ட முட்காடு, ஏரிக்கரை, வயல்வரப்பு, கோயிற்காடு, இரயில்பாதையோரம் ஆகியவற்றில் "புதிதாக என்ன இருக்கப்போகிறது?" என்ற அலட்சியம் இருந்தது. மக்கள் பெருந்தொகையாய் வாழ்வதும் உழுவதும் ஆடுமாடு மேய்ப்பதும் மருந்துக்கு வேர் கிண்டுவதும் அங்கேதான். மத்தேயு அந்நிலத்தை எடுத்துக்கொண்டார். காவிரிச் சமவெளியும் அதனைச் சூழ்ந்த கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன்மலை, கல்வராயன்மலை முதலிய குன்றுகளும் அடங்கிய பகுதியில் புதிதாகக் களச்சேகரிப்பு நடந்தது. 1981இல் தரவுகளின் தொகுதி வந்தது. 1982இல் கோட்டோவியங்களின் தொகுதி. 1983இல் "தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரவளம்" என்ற விளக்கநூல் மூன்று பகுதிகளாக வந்தது. 1988இல் மேலும் ஓவியங்கள்.

இவ்வரிசையைக் கவனியுங்கள். விளக்கநூல் முடியுமுன்பே படங்கள் வந்துவிட்டன. பூவின் குறுக்குவெட்டு, சூலகம், விதை என்று உறுப்புறுப்பாக வரைந்த கோட்டோவியம், மொழி தடுமாறும் மாணவனுக்கும் வழிகாட்டும். காம்பிள் தராததை ஓர் ஆசிரியர் தந்தார். வகுப்பறையில் கரும்பலகைமுன் நின்று பழகிய எவருக்கும் இதன் காரணம் விளங்கும். நூலில் ஒவ்வோர் இனத்துக்கும் எந்த இடத்தில் எந்த எண்ணுள்ள தாள் எடுக்கப்பட்டது என்ற சான்றும் உண்டு. ஐயமுற்றவன் திருச்சிக்குப் போய் அத்தாளை எடுத்துப் பார்த்து, ஆசிரியர் தவறினார் என்று காட்டவும் முடியும். தன் பிழையைக் கண்டுபிடிக்கும் வழியைத் தானே திறந்துவைப்பதல்லவா அறிவியலின் நேர்மை?

இனித் திருச்சிக்குப் போனால் போதும் என்று நான் சொல்வது முழு உண்மையன்று. ஒவ்வொரு தாவரப் பெயருக்கும் மூலமாக ஒரு மாதிரித்தாள் உண்டு; அப்பெயர் எதைக் குறிக்கிறது என்ற வழக்கில் அத்தாளே இறுதிச் சாட்சி. தென்னிந்திய, இலங்கைச் செடிகளின் மூலத்தாள்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலேயே கிடக்கிறது. நம் முற்றத்துப் பூண்டின் பெயரை உறுதிசெய்ய நம் ஆய்வாளர் கடல் கடந்து சென்று அனுமதி பெறவேண்டியிருந்த நிலை நீண்டகாலம் நீடித்தது. இப்போது ஹெர்மன் சேகரித்தவை உட்பட மிகப்பல தாள்களின் படங்களை இணையத்தில் காணலாம். பாடசாலைக் கணினியில் நானே மாணவருக்குக் காட்டியிருக்கிறேன். படம் வந்தது; தாள் வரவில்லை.

மத்தேயு தம் கடைசிக் காலத்தில் மீண்டும் மலைக்கே திரும்பினார். செண்பகனூரில் ஆங்லாட்டின் பெயரால் இயற்கை வரலாற்று நிறுவனம் உருவாயிற்று. பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தின் பணியில் முன்னின்றார். 1996இல் பழனிமலைச் செடிகளின் ஓவியத்தொகுதியும், 1999இல் மூன்று தொகுதிகளாக விளக்கநூலும் வந்தன. செடிகளை எண்ணத் தொடங்கியவர் காட்டைக் காக்கும் போராட்டத்தில் போய் முடிவது தற்செயலன்று. ஒரு சோலையில் என்ன இருந்தது என்று எழுதிவைத்தவருக்கே அதில் எது இல்லாமற் போயிற்று என்பது தெரியும். திருச்சி உலர்தாவரகத்தின் பொறுப்பு அவருக்குப்பின் ஜான் பிரிட்டோ என்பவரிடம் சென்றது.

இலங்கையில் இதற்கு ஒப்பான பணி நடக்கவில்லையா? நடந்தது. இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியரான அபயவிக்கிரம 1959இல் இத்தீவின் பூக்கும் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். திரைமனின் நூலைப் புதுக்கும் பெருமுயற்சியில் பேராதனைப் பேராசிரியர் தசநாயக்க முதன்மைப் பதிப்பாசிரியர்களில் ஒருவராக உழைத்தார். 1980 முதல் 2006 வரை 15 தொகுதிகள் வந்தன. இவையும் ஆசிரியர்களின் ஆக்கங்களே. ஆனால் அப்பதினைந்து தொகுதிகளைத் திருகோணமலையின் எந்தப் பாடசாலை நூலகத்திலும் நான் கண்டதில்லை. மத்தேயுவின் ஒரு தொகுதி நூல் எனக்கு உதவியதற்கு வேறொரு காரணமும் உண்டு. சோழமண்டலக் கரையின் உலர்பசுமைக் காடும் நம் வடகீழ்க் கரையின் காடும் உறவுடையவை. ஒரே வடகீழ்ப் பருவமழையில் நனைந்து, ஒரே நெடுங்கோடையில் காய்பவை. பாலை, வீரை, முதிரை மூன்றும் இருகரையிலும் உண்டு. உப்புவெளி மணலில் படரும் அடம்பன் கொடியும், காற்றில் உருண்டோடும் இராவணன் மீசையும் நாகப்பட்டினத்து மணலிலும் உண்டு. கடல் நடுவே கிடந்தாலும் செடிகள் நெடுங்காலமாக ஒரே குடும்ப அட்டையில் பதிந்திருக்கின்றன.

ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மத்தேயுவின் நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் உள்ளன. நம் பாடநூல்கள் இணைக்கவர்ச் சுட்டி என்று கூறும் முறை ஒன்றுண்டு. இலை எதிரெதிரா, மாறியா? பால் உண்டா, இல்லையா? இவ்வாறு இரண்டில் ஒன்றைத் தெரிந்து தெரிந்து செடியின் பெயரை எட்டுவது அது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த தருக்கப் பயிற்சி இல்லை. ஆனால் தமிழ்மொழிமூலம் கற்கும் பிள்ளை தன் ஊர்ச் செடிக்கு அம்முறையைப் பயன்படுத்தத்தக்க முழுமையான தமிழ்ச் சுட்டி ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. பாடநூலின் சுட்டியில் நான்கைந்து விலங்குகள் வரும், தேர்வோடு முடிந்துவிடும். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாக அடுக்கிய கபிலரின் மொழியில் இன்று ஒரு பிள்ளை பூவைப் பார்த்துப் பெயர் காண வழியில்லை என்பது தமிழாசிரியர்களாகிய எங்கள் பொறுப்பிலும் பாதியைச் சுமத்துகிறது. நாங்கள் 99 பெயர்களையும் மனனம் செய்விக்கிறோம். அவற்றில் பத்தையாவது கிளையோடு காட்டுவதில்லை. ஏனெனில் எங்களுக்கே தெரியாது.

போர்க்காலம் இதை மேலும் கெடுத்தது. 2009 வரை இப்பகுதிப் பிள்ளைகளுக்குக் காடு என்பது போகக்கூடாத இடம். விறகுக்கும் தேனுக்கும் சென்று மரமறிந்த மூத்த தலைமுறை இடம்பெயர்ந்தது, சிலர் திரும்பவில்லை. எனது வகுப்பில் முதிரைக்கும் வீரைக்கும் வேறுபாடு அறிந்த மாணவர் ஒருவரோ இருவரோ. அவர்களும் தாத்தாவிடம் கேட்டறிந்தவர்கள்.

அந்த மாணவியிடம் பின்னர் நான் என் விடையைத் திருத்திக்கொண்டேன். வகுப்பில் எழுந்து, முன்பு சொன்னது உறுதியானதன்று, இரண்டு மரங்கள் ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன என்று கூறியபோது பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்ப மற்றப் பாலை இங்க எங்க நிக்குது, சேர்?" என்றே கேட்டார்கள். அவ்வாரம் விஞ்ஞான ஆசிரியையின் உதவியோடு, பழைய கதவுப் பலகை இரண்டும் சைக்கிள் தியூப்பும் கொண்டு ஓர் அமுக்குப்பலகை செய்தோம். வேலிப் பாலையின் பூங்கிளை ஒன்றை வைத்து இறுக்கினோம். தாள் மாற்றும் முறை வகுத்துக்கொண்டு பத்து நாள்கள் மாற்றினார்கள். ஒருநாள் மறந்ததில் இரண்டு இலைகள் கறுத்துவிட்டன. அவற்றை நீக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

குறிப்புச்சீட்டை அந்த மாணவியே எழுதினாள். எண் 1. இடம், உப்புவெளி, பாடசாலைப் பின்வேலி. மண், மணல். பூ, வெளிறிய வெண்மை. ஊர்ப்பெயர் என்ற இடத்தில் பாலை என்றும், அதன்கீழ் தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை என்றும் எழுதினாள். சேகரித்தவர் என்ற இடத்தில் மரியாதைக்காக என் பெயரை எழுதியிருந்தாள். நான் அதை வெட்டிவிட்டு, மரத்தில் ஏறிக் கிளையை முறித்தது யார் என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் தயங்கிக் கையை உயர்த்தினான். அவன் பெயரை எழுதச் சொன்னேன்.